முன்வாசலில் கொட்டிய சாம்பலும் மகனின் ரத்தப் பரிசோதனையும்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். அத்திப்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், ஊர்ப் பெயர் போட வேண்டாம். வீட்டுக்காரர் கொசஸ்தலை ஆற்றில் இறாலுக்கும் நண்டுக்கும் போகிறவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் வீடு கட்டும்போது மனை தாழ்வாக இருக்கிறது, மழைக்குத் தண்ணீர் நிற்கும் என்று சாம்பல் அடித்து மேடாக்கினோம். லாரிக்காரர் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு நாலு லோடு கொட்டினார். வீட்டுக்கு அடியில் போனது போக, முன்வாசல் முழுக்க அந்தச் சாம்பல்தான். சின்னவனுக்கு மூன்று வயது. அதில்தான் விளையாடுகிறான். கண் அசந்தால் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான். அடிக்கடி சளி, இருமல் வேறு.

பக்கத்துத் தெருவில் கேம்ப் போட்டு ‘ஹெவி மெட்டல் பேக்கேஜ்’ என்று முடி, சிறுநீர் எல்லாம் எடுத்தார்கள். என் நாத்தனாருக்கு ஆர்செனிக் அதிகம் என்று வந்துவிட்டது. உடம்பில் இருக்கிற விஷத்தை இறக்க பத்து டிரிப் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். நாங்கள் நாலு பேரும் அந்த டெஸ்ட் எடுக்கலாமா? வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். “ரிப்போர்ட்ல விஷம்னு வந்தா நாளைக்கு நம்ம மீனை எவன் வாங்குவான்?” என்று கேட்கிறார். மாமியார், “இத்தன வருஷமா இந்தச் சாம்பல்லதான் கெடக்குறோம், என்ன ஆயிடுச்சு?” என்கிறார். பேசாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருவொற்றியூரில் அம்மா வீட்டுக்கே போய்விடலாமா என்று தோன்றுகிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பேக்கேஜ் வேண்டாம். டிரிப் வேண்டவே வேண்டாம். நாத்தனாரையும் அதற்குப் போக விடாதீர்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். சின்னவனுக்கு மட்டும் இப்போதைக்கு இரண்டு ரத்தப் பரிசோதனை போதும், ஒன்று ஹீமோகுளோபின், இன்னொன்று ஈயம். ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை உங்கள் முன்வாசலில் இருக்கிறது. ரத்தத்தில் என்ன வந்தாலும் சரி, ஒன்றுமே வராவிட்டாலும் சரி, அந்தச் சாம்பல் அங்கே திறந்து கிடக்கக் கூடாது. ரிப்போர்ட் வரட்டும் பார்க்கலாம் என்று மட்டும் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அந்தச் சாம்பல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரியும். உங்கள் பக்கத்து அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி பெரும்பாலும் ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கங்களிலிருந்து வருகிறது. பாரதீப் துறைமுகத்தில் கப்பல் ஏறி எண்ணூர் துறைமுகத்தில் இறங்குகிறது. நம் நாட்டு நிலக்கரிக்கு ஒரு குணம் உண்டு. கல்லும் களிமண்ணும் கரியோடு கரியாகக் கலந்து இறுகியிருக்கும், கழுவினாலும் முழுசாகப் பிரியாது. நூறு கிலோ எரித்தால் முப்பது முதல் நாற்பது கிலோ வரை சாம்பலாக மிஞ்சும். அதாவது ஒடிசாவில் பூமிக்கடியில் கிடந்த மண்ணைத்தான் கப்பலில் ஏற்றி, எரித்து, எண்ணூரில் கொட்டிக்கொண்டிருக்கிறோம். கரி அங்கே வெட்டப்படுகிறது, கரண்ட் ஊரெல்லாம் போகிறது, மிச்சம் மட்டும் உங்கள் ஊரில் தங்குகிறது. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்து 2017-ல் மூடப்பட்டது. வடசென்னை நிலையம் 1994-லிருந்து ஓடுகிறது. வல்லூர் அதற்குப் பிறகு வந்தது. இத்தனை வருஷத்துச் சாம்பலில் பெரும்பங்கைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கிக் குழாய் வழியாகச் சாம்பல் குட்டைகளுக்கு அனுப்பினார்கள், வடசென்னை நிலையத்தின் குட்டை செப்பாக்கம் பக்கம் இருக்கிறது. அந்தக் குழாய் ஒழுகி ஆற்றில் இறங்கிய கதை உங்கள் வீட்டுக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆள் மூழ்குகிற ஆழம் இருந்த இடத்தில் இன்று முழங்கால் தண்ணீரில் வலையை இழுத்துக்கொண்டு நடக்கிறவர் அவர்.

சரி, அது விஷமா? உங்கள் மாமியாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சாம்பலில் முக்கால்வாசிக்கு மேல் சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு. மணலிலும் செங்கல்லிலும் இருக்கிற அதே பொருள்கள்தான். அவற்றோடு மிகக் குறைந்த அளவில் ஆர்செனிக், ஈயம், காட்மியம், குரோமியம், செலினியம், போரான் இவையும் உண்டு. கரி எரியும்போது இவற்றில் சில ஆவியாகி, பிறகு ஆறி, சாம்பலிலேயே ரொம்ப நைசான தூளின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். பாதரசம் பெரும்பாலும் புகைபோக்கி வழியாகவே போய்விடும். ஆகவே ஒரு பிடிச் சாம்பலை வாயில் போட்டதும் பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடாது, பயப்படாதீர்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்குள் போவதும், காய்ந்து பறக்கிற நைஸ் தூள் நுரையீரலுக்குள் போவதும், மழையில் ஊறி நிலத்தடி நீரில் இறங்குவதும்தான் சிக்கல். மூன்றுமே மெதுவாக நடப்பவை. அதனால்தான் ‘என்ன ஆயிடுச்சு’ என்று கேட்க முடிகிறது. பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியாமலே போகலாம். மூன்று வயதுப் பிள்ளை அப்படி இல்லை. அவன் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறான், கை எப்போதும் வாயில் இருக்கிறது, வயிற்றுக்குள் போன ஈயத்தில் பெரியவர்களைவிடப் பல மடங்கு அவன் உடம்பில் ஏறும், மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

சுரங்கக் கழிவு மேல் குடியிருந்த ஒரு ஊரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தில் பிச்சர் என்று ஓர் ஊர், குவாபா பழங்குடியினரின் நிலம். ஈயமும் துத்தநாகமும் வெட்டி எடுத்தார்கள். சுரங்கம் நின்றுபோன பிறகு கழிவுச் சரளை குன்று குன்றாக அப்படியே நின்றது. சும்மா கிடைக்கிற சரளைதானே என்று வீட்டு வாசலிலும் பாதையிலும் குழந்தைகள் விளையாடுகிற மணல் தொட்டியிலும் கொட்டிக்கொண்டார்கள். 1983-ல் அரசு அந்த இடத்தை நச்சுத் தலமாக அறிவித்தபோதும் கவனமெல்லாம் சுரங்கத்திலிருந்து வழிகிற தண்ணீர் மேல்தான் இருந்தது. தொண்ணூறுகளில் குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தபோதுதான் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்கு ஈயம் அதிகம் என்று தெரிந்தது. உடனே பிள்ளைகளுக்கு டிரிப் ஏற்ற ஓடவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முற்றங்களைத் தோண்டி மண்ணை மாற்றினார்கள். பிள்ளைகளின் ஈய அளவு அதற்குப் பிறகு இறங்கியது. கடைசியில் நிலம் உள்வாங்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்ள, அரசே வீடுகளை விலைக்கு வாங்கிக்கொண்டது. 2009-ல் ஊராட்சியே கலைக்கப்பட்டது.

உங்கள் வாசலில் இருப்பது அந்தச் சரளை இல்லை. நிலக்கரிச் சாம்பலில் ஈயம் அதைவிட மிக மிகக் குறைவு, அந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மருந்து எங்கே போட வேண்டும் என்பதை. பிள்ளையின் உடம்பில் அல்ல, முற்றத்தில்.

இனி முற்றத்து வேலை. வீட்டுக்கு அடியில், சிமெண்டுத் தரைக்குக் கீழே போன சாம்பலை மறந்துவிடுங்கள். மூடிக்கிடக்கிறது, அது பறக்கவும் பறக்காது, பிள்ளை வாய்க்கும் போகாது. வாசலில் இருப்பதை நீங்களே தோண்டி அள்ளாதீர்கள். அள்ளுகிறபோது பறக்கிற தூள் ஒரே நாளில் நிறைய மூச்சில் போகும். ஆற்றோரம் கொண்டுபோய்த் தட்டினால் உங்கள் வலைக்கே திரும்பி வரும். நன்றாகத் தண்ணீர் தெளித்து, நனைந்திருக்கும்போதே மட்டப்படுத்தி, மேலே நல்ல செம்மண்ணோ வண்டல் மண்ணோ ஒரு அடிக்குக் குறையாமல் போட்டு அமுக்குங்கள். வசதி இருந்தால் நடமாடுகிற இடத்துக்கு மட்டும் சிமெண்டு பூசலாம், மீதிக்குப் புல் பிடிக்க விடலாம். மண் போடும் இரண்டு மூன்று நாளைக்குப் பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டாம். அம்மா வீட்டுக்குப் போக அதுதான் சரியான நேரம்.

மண் விலை எனக்கும் தெரியும். ஒரேயடியாக முடியாவிட்டால் வாசற்படியைச் சுற்றி, பிள்ளை உட்காருகிற இடத்திலிருந்து தொடங்குங்கள். அதுவரைக்கும் பழைய தார்ப்பாய் விரித்து நாலு பக்கமும் செங்கல் வைத்தாலும் ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். காய்ந்த தரையில் துடைப்பம் போடாதீர்கள், தெளித்துவிட்டுப் பெருக்குங்கள். வீட்டுக்குள் ஈரத்துணி போட்டுத் துடையுங்கள். செருப்பு வெளியிலேயே இருக்கட்டும். சாப்பாட்டுக்கு முன்னால் பையனுக்கு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஆடிக்காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னலோரம் படுக்க வைக்காதீர்கள். சாம்பலில் கீரை விதைத்திருந்தால் பிடுங்கிவிட்டு, சாக்குப் பையில் வேறு மண் போட்டு விதையுங்கள்.

அவன் மண் தின்கிற பழக்கத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். அடித்தோ வேப்பெண்ணெய் தடவியோ அதை நிறுத்த முடியாது. பெரும்பாலும் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்த பிள்ளைதான் மண்ணையும் சுவரையும் நக்கும். இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளும் என்பது அதைவிட மோசம். அதனால்தான் ஹீமோகுளோபினைக் கேட்டேன். இந்த வயதில் 11-க்குக் கீழே வந்தால் ரத்தசோகை. மருத்துவர் எழுதித் தருகிற இரும்புச் சிரப்பை மலம் கறுப்பாகப் போகிறது என்று பாதியில் நிறுத்தாதீர்கள், அது அப்படித்தான் போகும். பூச்சி மருந்தும் கேட்டு வாங்குங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகுக் கூழ், முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலி, கூடவே கொய்யாவோ எலுமிச்சையோ. காலி வயிற்றில் ஈயம் அதிகம் ஏறும், ஆகவே வெளியே விளையாடப் போகுமுன் எதையாவது சாப்பிட வையுங்கள்.

ஈயப் பரிசோதனைக்கு வருவோம். கை நரம்பில் எடுக்கிற ரத்தம் வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் விரலில் ஒட்டிய தூசும் சேர்ந்து பொய்க் கணக்குக் காட்டும். முடியில் பார்ப்பதும் இதே காரணத்தால் உதவாது. ஆற்றில் குளித்து, சாம்பலில் புரண்ட பிள்ளையின் தலைமுடியில் உலோகம் இருக்கத்தான் செய்யும், அது உள்ளே போனதா வெளியே ஒட்டியதா என்று யாரால் சொல்ல முடியும்? ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டி, சாம்பல் விவரத்தையும் மண் தின்பதையும் சொல்லிச் சீட்டு எழுதி வாங்குங்கள். ஈயம் பார்க்கிற வசதி எல்லா இடத்திலும் இருக்காது, வெளியே எடுக்கச் சொன்னாலும் அந்த ஒன்றை மட்டும் எடுங்கள். ஈயத்துக்குப் ‘பாதுகாப்பான அளவு’ என்று ஒன்று கிடையாது. ஆனால் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தால், எங்கிருந்து வருகிறது என்று தேடி அடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடம்பிலிருந்து ஈயத்தை இழுக்கிற மருந்து 45-ஐத் தொட்டால்தான். அதுவும் மருத்துவமனையில் சேர்த்து, மருத்துவர் பக்கத்தில் இருந்து தருவது.

எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது, உங்கள் வீட்டில் சாம்பலைவிட முதலில் நான் பார்க்கப்போவது வேறொன்று. வலையின் அடிக்கயிற்றில் கோக்கிறீர்களே, ஈயக் குண்டு. பழைய ஈயத்தை வீட்டு அடுப்பிலேயே உருக்கி ஊற்றுகிற பழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? வலை பழுது பார்க்கிற இடத்தில் பையன் உட்கார்ந்து குண்டைக் கடித்து விளையாடுகிறானா? நாலு லோடு சாம்பலிலிருந்து அவன் வாய்க்குள் போகக்கூடிய ஈயத்தைவிட ஒரே ஒரு குண்டில் அதிகம். ஒருவேளை விழுங்கிவிட்டால் அது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம். குண்டை டப்பாவில் போட்டு மூடி மேலே வையுங்கள், உருக்குவதை வீட்டில் அறவே நிறுத்துங்கள், வலையைத் தொட்ட கையோடு பிள்ளையைத் தூக்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். தெருவில் யாராவது பழைய பேட்டரி உடைக்கிறார்களா, வீட்டில் பழைய பெயிண்ட் உரிந்த கதவு இருக்கிறதா, பையனுக்கு வைக்கிற கண்மை எங்கே வாங்கியது என்பதையும் பாருங்கள்.

நாத்தனாரின் ஆர்செனிக்குக்கு வருகிறேன். அவரிடம் ஒன்று கேளுங்கள், சிறுநீர் கொடுப்பதற்கு முந்தின நாள் என்ன குழம்பு? நண்டோ இறாலோ கடல் மீனோ சாப்பிட்டிருப்பார். உங்கள் ஊரில் சாப்பிடாத நாள்தான் அபூர்வம். கடல் உயிரினங்களில் ஆர்செனோபீட்டெயின் என்று ஒரு வகை ஆர்செனிக் இயற்கையாகவே இருக்கிறது. அது உடம்பில் தங்காது, கெடுதல் செய்யாது, வந்த வழியே சிறுநீரில் போய்விடும். மொத்த ஆர்செனிக்கை மட்டும் அளக்கிற மலிவுப் பரிசோதனை இதையும் விஷக் கணக்கில் சேர்த்துவிடும். மீனவக் குப்பத்தில் கேம்ப் போட்டு இந்தப் பரிசோதனையை எடுத்தால் பாதிப் பேருக்கு ‘அதிகம்’ என்று வராமல் என்ன செய்யும்? நாலு நாள் மீன், நண்டு, இறால், கருவாடு எதுவும் தொடாமல் இருந்து, ‘கனிம ஆர்செனிக்’ தனியாகப் பார்க்கச் சொல்லி மறுபடி எடுக்கட்டும். உள்ளங்கை, உள்ளங்கால் தடித்துச் சொரசொரப்பாகியிருந்தாலோ, மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்த மாதிரிப் புள்ளிகள் இருந்தாலோ அதையும் மருத்துவரிடம் காட்டட்டும்.

டிரிப் விஷயத்தில் நான் கடுமையாகத்தான் பேசுவேன். உலோகத்தைப் பிடித்து வெளியேற்றுகிற மருந்துகள், உடம்புக்கு வேண்டிய கால்சியத்தையும் துத்தநாகத்தையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். அமெரிக்காவில் 2003-க்கும் 2005-க்கும் இடையில் இப்படி ஏற்றியதில் ரத்தத்தில் கால்சியம் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள், அதில் இரண்டு பேர் குழந்தைகள். சில இடங்களில் இன்னொரு தந்திரம் செய்வார்கள், முதலில் அந்த மருந்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு சிறுநீரைப் பரிசோதிப்பார்கள். யாருக்கும் அதிகமாகத்தான் வரும். காலை வெந்நீரில் வைத்து ‘விஷம் இறங்குகிறது பாருங்கள்’ என்று தண்ணீர் பழுப்பாவதைக் காட்டுகிறார்களே, அது கருவியின் இரும்புக் கம்பி மின்சாரத்தில் கரைகிற நிறம். காலை எடுத்துவிட்டு உப்பு மட்டும் போட்டு ஓடவிட்டாலும் அதே பழுப்பு வரும். தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வருகிறவர் செய்து காட்டுவதும் இதே வித்தைதான். அசுத்தத்தால் வாடும் ஊரில்தான் இந்தக் கடைகள் அதிகம் முளைக்கின்றன. ஆற்றைக் கெடுத்தவர்கள் ஒரு முறை, பயத்தை விற்கிறவர்கள் இன்னொரு முறை என்று இரண்டு பேருக்கும் நீங்களே கட்டணம் கட்ட வேண்டாம்.

குடிக்க லாரித் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா, போர் தண்ணீரா என்று நீங்கள் எழுதவில்லை. போர் என்றால் ஒரு தடவை ஆய்வகத்தில் ஆர்செனிக், ஈயம், காட்மியம் பாருங்கள். நம் நாட்டு அளவுகோலின்படி ஆர்செனிக்கும் ஈயமும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்குள், காட்மியம் 0.003-க்குள் இருக்க வேண்டும். பேனா மாதிரி இருக்கிற டிடிஎஸ் மீட்டர் உப்பைத்தான் காட்டும், இவற்றைக் காட்டாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். ஆர்.ஓ. கருவி ஓரளவு பிடிக்கும். சாம்பல் தண்ணீருக்கு அடையாளம் என்று சிலர் போரானைப் பார்க்கச் சொல்வார்கள். உங்கள் ஊரில் கடல்நீர் ஏறிய நிலத்தடி நீரிலும் போரான் இருக்கும், அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. சமையலுக்கும் குடிக்கவும் போர் தண்ணீரைத் தவிர்க்க வழியிருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

வீட்டுக்காரரின் பயத்தை அசட்டையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்ததே, அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததே, அப்போது மீன் வியாபாரம் என்ன ஆனது என்று பார்த்தவர் அவர். அதற்கு மேல் காக்கா ஆழி என்கிற அயல்நாட்டு மட்டி வேறு படர்ந்து இறால் தங்குகிற இடத்தையெல்லாம் மூடியது. மீன் கெட்டது என்ற பேச்சு கிளம்பினால் முதலில் அடி வாங்குவது பிடிக்கிறவர்தான், கெடுத்தவர் இல்லை. ஆகவே பையனின் ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், கேம்ப்காரரிடமும் கொடுக்காதீர்கள். அது மருத்துவருக்கும் உங்களுக்கும் உள்ளது.

நீங்கள் சாப்பிடுவதைப் பொறுத்தவரை மீனை நிறுத்தாதீர்கள், பிள்ளைக்கு அதைவிட நல்ல சத்து வாங்கப் பணமும் ஆகாது. மட்டியும் ஆளியும் தண்ணீரை வடிகட்டித் தின்று அதில் உள்ளதை உடம்பில் சேர்ப்பவை. குழாய் ஒழுகுகிற பக்கமும் ஆலைக் கழிவு விழுகிற பக்கமும் பொறுக்கியதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். நண்டில் ஓட்டுக்குள் இருக்கிற மஞ்சளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், காட்மியம் சேருகிற இடம் அது. சதையைக் கொடுங்கள். மீனின் குடலும் செவுளும் எப்படியும் கழிவில்தான் போகிறது.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். பையனுக்கு ஈயம் 6 என்று வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சாம்பல்தான் காரணம் என்று நீங்கள் சொல்வீர்கள். வலைக் குண்டு, கண்மை, பெயிண்ட் என்று எதிர்த்தரப்பு சொல்லும், அதிலும் நியாயம் இருக்கும், நானே மேலே அவற்றைச் சொல்லியிருக்கிறேன். ரத்தத்தில் கலந்த ஈயத்தின் மேல் முகவரி எழுதியிருக்காது. 2 என்று வந்தால் இன்னும் மோசம், ‘பார்த்தீர்களா, சாம்பலால் ஒன்றும் இல்லை’ என்று அதையே சான்றிதழாக்கி மாட்டிவிடுவார்கள். அதனால் பரிசோதனை உங்கள் மகனின் வைத்தியத்துக்கு மட்டும் இருக்கட்டும். சாம்பல் தப்பு என்று நிரூபிக்கிற பொறுப்பு மூன்று வயதுப் பிள்ளையின் நரம்பில் இல்லை. தப்பு ஏற்கெனவே விதியில் எழுதியிருக்கிறது.

சாம்பலைப் பற்றி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999-லேயே அறிவிக்கை போட்டது. பலமுறை திருத்தி, 2021 டிசம்பர் 31-ல் புதிதாக ஒன்று வெளியிட்டது. உண்டாகிற சாம்பல் முழுவதையும் அனல்மின் நிலையம் ஏதாவது ஒரு பயனுக்குக் கொடுத்தாக வேண்டும். குட்டையில் சேர்ந்து கிடக்கிற பழைய சாம்பலைப் பத்து வருஷத்துக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் டன்னுக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு. நல்ல விதிதான். ஆனால் ‘பயன்’ என்ற கணக்கில் சிமெண்டும் செங்கல்லும் மட்டும் இல்லை, தாழ்வான நிலத்தை நிரப்புவதும் உண்டு. அப்படி நிரப்ப மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் அனுமதி வேண்டும், மத்திய வாரியத்தின் வழிகாட்டுதல்படி செய்ய வேண்டும், அனுமதித்த இடங்களை வாரியம் வெளியிட வேண்டும் என்றெல்லாம் அதிலேயே நிபந்தனை இருக்கிறது. டீசல் காசுக்கு வாசலில் கொட்டிவிட்டுப் போவது அதில் எங்கும் இல்லை. உங்கள் முன்வாசல் நாலு லோடு யாரோ ஒருவருடைய பதிவேட்டில் ‘பயன்படுத்தப்பட்ட சாம்பல்’ என்று ஏறியிருக்கக்கூடும். பயன்படுத்தியது உங்கள் மகன்தான், மண்ணுக்குப் பதிலாக. கணக்கில் ஏறாமல் வந்திருந்தால் அது திருட்டுத்தனமாகக் கொட்டியது. இரண்டில் எது என்றாலும் கேள்வி கேட்கிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். தெரியாமல் சும்மா வாங்கிக்கொண்டோமே என்று கூச்சப்பட வேண்டாம், வெள்ளம் வருகிற ஊரில் மேடு கேட்பது குற்றம் இல்லை.

ஆற்றுச் சாம்பலுக்காக உங்கள் பக்கத்து மீனவர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வுக்கு 2016-ல் போனதையும், 2022-ல் சாம்பலை அகற்றவும் கழிமுகத்தைச் சீராக்கவும் உத்தரவு வந்ததையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வழக்கு யாருடைய ரத்த ரிப்போர்ட்டையும் நம்பி நடக்கவில்லை. குழாய் ஒழுகியது, ஆறு தூர்ந்தது, அது கண்ணால் பார்க்கக் கூடியது. உங்கள் வாசலும் அப்படித்தான்.

ஆகவே மண் போட்டு மூடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். வாசலைத் தெரு தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுங்கள். ஓரத்தில் குச்சி நட்டுச் சாம்பல் எவ்வளவு ஆழம் என்று தெரிகிற மாதிரி ஒன்று. இரண்டு கிலோச் சாம்பலை ஈரமாகவே அள்ளி, சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தேதி எழுதி, பிள்ளைகள் கை படாத இடத்தில் வையுங்கள். தெருவில் இதே மாதிரி கொட்டிக்கொண்ட வீடுகள் எத்தனை என்று எண்ணுங்கள், தனியாகப் போகாமல் அவர்களோடு சேர்ந்து போங்கள். வீட்டுக்காரருக்கும் அது தோதாக இருக்கும், இது மீன் பற்றிய புகார் இல்லை, நிலம் பற்றியது.

அம்மா வீட்டுக்கே நிரந்தரமாகப் போவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதற்காக மட்டும் போக வேண்டாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் போட்ட கடும் மாசுப் பகுதிப் பட்டியலில் மணலி இருந்தது. திருவொற்றியூர் அதற்கு அடுத்த வீடுதான். வாசலை மூடிவிட்டு, பையனின் சத்தைத் தேற்றினால் உங்கள் வீடே அவனுக்குப் போதும். இருமல் மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டாலோ, மூச்சு இழுத்தாலோ, எடை ஏறாமல் இருந்தாலோ அதைச் சாம்பல் கணக்கில் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் யாருக்காவது நீண்ட நாள் இருமல் இருந்தால் அவர்களுக்குச் சளிப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். இரவெல்லாம் கொசுவர்த்தி ஏற்றுவதை நிறுத்தி வலை கட்டுங்கள்.

மனுவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதி, ஒரு நகலை மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். எந்த மாதம் கொட்டினார்கள், எத்தனை லோடு, லாரிக்காரர் எந்த நிலையத்திலிருந்து வருவதாகச் சொன்னார், எத்தனை வீடுகள், அதில் ஐந்து வயதுக்குள் எத்தனை பிள்ளைகள் என்பதை எழுதுங்கள். எங்கள் பகுதியில் நிரப்புவதற்கு அனுமதி தரப்பட்டதா, தரப்பட்டால் நகல் வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனியாக ஒரு தாள் போடுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். மண் செலவை அவர்களே ஏற்க வேண்டும் என்ற வரியை மனுவில் விட்டுவிடாதீர்கள். பையனின் ஹீமோகுளோபினும் ஈயமும் வந்ததும் எண்ணை மட்டும் எனக்கு எழுதுங்கள், சிரப் அளவு சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.